“வகுப்பு சிறப்பாக இருந்தது” என்று இனி எழுதாதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

“பாடம் நடத்தக் கற்றுத் தருகிறோம், சரி. வேலைக்குப் போன பிறகு தானாகக் கற்றுக்கொண்டே இருப்பது எப்படி என்று பயிற்சி ஆசிரியர்களுக்கு யார் கற்றுத் தருகிறார்கள்?” என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். வேறு எதையோ சொல்ல வந்து நடுவில் எழுதிய வரிதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள், அதனால் யார் பெயரும் இல்லை.

பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி, தேனி: இன்டர்ன்ஷிப்புக்காக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். தினமும் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் (அன்றைய வகுப்பைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பேடு) எழுத வேண்டும். எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறோம். இதனால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா, இல்லை இதுவும் ரெக்கார்டு நோட்டு மாதிரிதானா?

ஒரு ரகசியம் சொல்கிறேன். திருத்துகிறவர்களும் அதைப் படிப்பதில்லை. பயிற்சி நிறுவனத்தில் இருந்த 26 வருடமும் நானே திருத்தியிருக்கிறேன். “இன்றைய வகுப்பு சிறப்பாக இருந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நேரம் போதவில்லை.” இந்த மூன்று வாக்கியத்தை எத்தனை விதமான கையெழுத்தில் பார்த்திருப்பேன்! ஒரு டிக், கீழே ஒரு கையெழுத்து, அடுத்த நோட்டு.

தப்பு முழுக்க உங்கள் மேல் இல்லை. வகுப்பு முடிந்து வந்து யோசித்துப் பார்த்தால் மனசு தனக்குச் சாதகமானதைத்தான் எடுத்து வைக்கும். முன் பெஞ்சில் நாலு பேர் கை தூக்கியது ஞாபகம் இருக்கும், ஜன்னலோரம் ஒருவன் நாற்பது நிமிடமும் பென்சில் சீவிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்காது. அதனால் எழுதுகிற நேரத்தை மாற்றிப் பாருங்கள். வகுப்புக்குள் போகும் முன்னாலேயே இரண்டே வரி எழுதுங்கள்: இன்று பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள், எத்தனை பேர் விழுவார்கள். வெறும் ஊகம்தான். ஆனால் பேனாவால் எழுதிவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது.

என் கதையையே சொல்கிறேன். ஏழாம் வகுப்புக்குத் தசம எண் எடுக்கப் போனேன். 0.3, 0.25 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் அஞ்சாறு பேர் தப்பாகச் சொல்வார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால், பாதி வகுப்புக்கு மேல் 0.25. ஏன் என்று கேட்டால், “சார், மூணை விட இருபத்தஞ்சு பெருசுதானே?” நியாயமான பதில்! முழு எண்களில் நாம் அப்படித்தானே ஐந்து வருடம் பழக்கியிருக்கிறோம்? இதை நான் ஓரளவு எதிர்பார்த்தேன், எண்ணிக்கைதான் தப்பு. எதிர்பார்க்காதது வேறு. 0.3 என்று சரியாக எழுதிய ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டேன். “புள்ளிக்கு அப்புறம் எண்கள் நீளமா போனா சின்னது சார்” என்றாள். அவளிடம் 0.3, 0.45 இரண்டைக் கொடுத்தேன். மறுபடியும் 0.3 தான் பெரியது என்றாள். விடை சரி, யோசனை தப்பு. சீட்டில் சரியாக இருந்தவர்களில் இப்படி எத்தனை பேரோ!

ஊகத்தை முன்கூட்டி எழுதியிருக்காவிட்டால் அன்றைக்கு நானும் “வகுப்பு சிறப்பாக இருந்தது” என்றுதான் எழுதியிருப்பேன். எழுதி வைத்ததற்கும் நடந்ததற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது பாருங்கள், மறுநாள் என்ன படிக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எந்தக் கணக்கை எடுத்துப் போக வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பள்ளம்தான் சொன்னது. உங்கள் ஜர்னலில் மாலையில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: நினைத்தது இது, நடந்தது இது, நாளைக்கு மாற்றப் போவது இந்த ஒன்று. மூன்று வரி போதும். உங்கள் கல்லூரியில் பக்கக் கணக்கு கேட்டால் மிச்சப் பக்கத்தை வழக்கம்போல நிரப்பிக்கொள்ளுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர், நாமக்கல்: “வாழ்நாள் முழுக்கக் கற்பவராக இருங்கள்” என்று வகுப்பில் சொல்லாத நாள் இல்லை. மாணவர்களோ பரீட்சைக்கு முந்தைய வாரம் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கற்கக் கற்பது என்பதை ஒரு பாடமாக நடத்த முடியுமா? எப்படி?

சொல்லாத நாள் இல்லை என்கிறீர்களே, கோளாறே அங்கேதான். குளத்தங்கரையில் நின்று நீச்சல் நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தனிப் பாடமெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே கையில் இருப்பதையே ஒழுங்காகச் செய்தால் போதும். மைக்ரோ டீச்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு கற்பித்தல் திறனைச் சக மாணவர்கள் முன்னால் சில நிமிடம் நடத்திப் பழகுவது. 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, நம் நாட்டில் என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) அதற்கு ஒரு நேரக் கணக்கு வகுத்தது: கற்பித்தல் 6 நிமிடம், கருத்துக் கேட்பது 6, மறுபடி திட்டமிடுவது 12, மறுபடி கற்பித்தல் 6, மறுபடி கருத்து 6. மொத்தம் 36 நிமிடம். இதில் அதிக நேரம் எதற்கு என்று பாருங்கள். மாற்றி யோசிப்பதற்கு! இப்போது உங்கள் கல்லூரியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். 6 நிமிடம் நடத்துவார்கள், தோழிகள் “வாய்ஸ் நல்லா இருந்துச்சு, போர்டை மறைச்சுட்ட” என்பார்கள், அடுத்த ஆள். அந்த 12 நிமிடமும், இரண்டாம் முறை நடத்துவதும் ரெக்கார்டில் மட்டும் நடந்திருக்கும். (எல்லாக் கல்லூரியிலும் என்று சொல்லவில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்.) ஐந்து திறனுக்குப் பதில் இரண்டே திறன் செய்தாலும் பரவாயில்லை, அந்த 12 நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள். முதல் தடவை சொதப்பியது இரண்டாம் தடவை சரியாவதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டவர் பிறகு சும்மா இருக்க மாட்டார்.

அடுத்தது மனப்பாடம். படிக்கிற விதமே தப்பாக இருக்கிறது, அதை நாம் சொல்லித் தருவதும் இல்லை. பாதி மாணவர்கள் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு நாலு தடவை வாசிப்பார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது, எளிமையானது. ஒரே பகுதியை ஒரு சாரார் இரண்டு முறை படித்தார்கள், இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு முறை படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. இதை அவர்களிடம் லெக்சராகச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. அவர்கள் மேலேயே செய்து பாருங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கத்தைக் கொடுத்து, அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் சோதியுங்கள். உங்கள் வகுப்பில் விடை வேறு மாதிரி வந்தாலும் நல்லதுதான், ஏன் என்று பேச ஒரு மணி நேரம் கிடைக்கும்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் கூச்சம் தருவது. நீங்கள் கற்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்களா? நாம் எப்போதும் தயாராகி வந்தே நிற்கிறோம், அதனால் ஆசிரியர் என்றால் ஏற்கெனவே தெரிந்தவர் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் அவர்கள் கண்முன்னால் பாடம் தயாரியுங்கள், வாய்விட்டு யோசித்தபடி. உதாரணத்துக்குக் கோடைக்காலம் ஏன் வருகிறது என்ற பாடம். “பூமி சூரியனுக்குக் கிட்டே வருவதால்” என்று முதலில் தோன்றும், பட்டதாரிகளுக்கே தோன்றும். சரி, கிட்டே வருவது எந்த மாதம் என்று தேடிப் பார்ப்போம். ஜனவரி முதல் வாரம்! அப்போது தூரம் ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. நமக்கு மே மாதம் அல்லவா மண்டை பிளக்கிறது? அப்படியென்றால் காரணம் தூரம் இல்லை. வேறு என்ன? அச்சின் 23.5 டிகிரி சாய்வு வரை அவர்களோடு சேர்ந்தே நடந்து போங்கள். எங்கே தேடினீர்கள், எதை நம்பவில்லை, யாரிடம் போன் போட்டுக் கேட்டீர்கள் என்பதெல்லாம் தெரியட்டும். “இது எனக்குத் தெரியாது, இருங்க பார்க்கலாம்” என்று ஒரு விரிவுரையாளர் சொல்வதை இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காதவர், வேலைக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் எப்படிச் சொல்வார்?

நான் வருடா வருடம் செய்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பருவத்தில் எல்லோரும் ஒரு மாதத்துக்குள் தெலுங்கு எழுத்து படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், நான் உட்பட. தெலுங்கு தெரிந்தவர்களுக்கு மலையாளம். மார்க் கிடையாது. தினமும் எங்கே மாட்டிக்கொண்டோம் என்று இரண்டு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் சிரிப்பாக இருக்கும். இரண்டாம் வாரம் தெலுங்கு ப-வும் வ-வும் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்போது பலருக்கு எரிச்சல் வந்துவிடும், “கண்ணு தெரியலையா”ன்னு பக்கத்தில் இருப்பவர் கேட்டால் கோபம் வரும். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: நேற்று இன்னொரு முறை சத்தம் போட்டு வாசி என்று ஒரு இரண்டாம் வகுப்புப் பையனை மூன்று தடவை நிறுத்தினேன், அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் நடத்திய எந்த உளவியல் வகுப்பும் அந்த வேலையைச் செய்ததில்லை.

டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு) மாணவர், திருவண்ணாமலை: நான் விஷுவல் லேர்னர். படம், வீடியோ இருந்தால்தான் எனக்கு ஏறும். பாடப் புத்தகம் முழுக்க எழுத்தாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் எப்படிப் படிப்பது?

நீங்கள் விஷுவல் லேர்னர் என்று யார் சொன்னது, ஏதாவது ஆன்லைன் வினாடி வினாவா? கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிரித்து அவரவர் பாணியில் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-லேயே பாஷ்லர் முதலிய உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள். பயிற்சிப் புத்தகங்களில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் எல்லோருக்கும் உதவும், உங்களுக்கு மட்டும் இல்லை. இந்தியாவின் நதிகளைப் படமில்லாமல் யார் படிப்பார்கள்? அதே போல ஒரு பாட்டின் ராகத்தைப் படம் பார்த்து யாரும் கற்க முடியாது. பொருளைப் பொறுத்தது அது. எழுத்து ஏறவில்லை என்றால் ஒரு பத்தி வாசித்துவிட்டு, மூடி, நீங்களே அதைப் படமாக வரைந்து பாருங்கள். அசிங்கமாக வந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று, நாளைக்கு உங்கள் வகுப்பில் ஒரு குழந்தை மேல் இந்த முத்திரையைக் குத்திவிடாதீர்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, விருதுநகர்: 21 வருட சர்வீஸ். 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்த வயதில் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டியிருக்கிறது. என் மகள் பி.எட். படிக்கிறாள், அவளும் எழுதுகிறாள். அவளுக்கு எல்லாம் டக்கென்று நிற்கிறது, எனக்குப் பக்கம் புரட்டினால் மறந்துபோகிறது. குழந்தை மேம்பாடு பகுதியைப் பார்த்தாலே தூக்கம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது சார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறதம்மா? ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்று தீர்ப்பு வந்ததிலிருந்து உங்களைப் போல் எத்தனையோ பேர் பழைய நோட்டுகளைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை, அது வேறு நாள்.

ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிற வசதி பலருக்குக் கிடையாது, அது உங்கள் இருவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். நூற்றைம்பதில் குழந்தை மேம்பாட்டுக்கு 30 கேள்வி. அதில் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே வருவார். ஒரே அளவுத் தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றினால் அதில்தான் அதிகம் என்று சின்னக் குழந்தை சொல்லும் என்பார். உங்கள் மகளுக்கு அந்த நிலையின் பெயர் தெரியும், வயது வரம்பு தெரியும், அப்படி ஒரு குழந்தையைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டாள். நீங்கள் 21 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், சத்துணவில் பரந்த தட்டுக்காரன் எட்டிப் பார்த்து “அவனுக்கு மட்டும் நிறைய” என்று அழுததெல்லாம் அதுதான், உங்களுக்குப் பெயர் மட்டும் தெரியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம். மகள் ஒரு கோட்பாட்டைப் புத்தகம் பார்க்காமல் சொல்லட்டும், உங்கள் வகுப்பிலிருந்து அதற்கு ஒரு பிள்ளையைக் காட்டுங்கள். காட்ட முடியவில்லையா, அதைக் குறித்து வைத்து மறுநாள் வகுப்பில் தேடுங்கள். சில நேரம் கோட்பாட்டுக்கு ஒத்து வராத பிள்ளை கிடைக்கும். அன்றைக்குத்தான் உங்கள் மகள் நிஜமாகப் படிப்பாள்.

மறந்துபோகிறது என்பதற்கும் ஒரு வார்த்தை. மறதியை முதலில் அளந்து பார்த்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ், 1885-இல், தன்னையே வைத்துச் சோதித்தார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளிலேயே போய்விடுகிறது என்று கண்டார். ஆகவே புரட்டினால் மறப்பது வயசுக் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காராமல், இன்றைக்கு அரை மணி, நாளைக்கு ஒரு சின்னச் சோதனை, நாலு நாள் கழித்து இன்னொன்று என்று இடைவெளி விட்டு வாருங்கள். உங்கள் மகளுக்கு டக்கென்று நிற்பதும், ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள், நிற்கிறதா என்று! (நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

பட்டதாரி ஆசிரியர், கும்பகோணம்: எங்கள் பள்ளிக்கு பி.எட். மாணவர்கள் வந்தால் வகுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாங்கள் பேப்பர் திருத்துவோம். போன வருடம் வந்த ஒரு தம்பி, “சார், நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையே” என்று கடைசி நாளில் கேட்டுவிட்டான். சுருக்கென்று இருந்தது. இந்த வருடம் என்ன செய்யலாம்?

கேட்ட தம்பிக்கும், அதை மறக்காமல் எழுதிய உங்களுக்கும் ஒரு வணக்கம். பி.எட்.டில் இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம். அதைப் பள்ளிகள் லீவ் போட்ட ஆசிரியரின் வகுப்பை நிரப்பும் ஏற்பாடாகப் பயன்படுத்துகின்றன, உங்கள் பள்ளி மட்டும் இல்லை.

பெரிதாக ஒன்றும் வேண்டாம், வாரம் ஒரு பீரியட் போதும். ஜப்பானில் ஆசிரியர்கள் ஜுக்யோ கென்க்யூ என்று ஒன்றைத் தலைமுறைகளாகச் செய்து வருகிறார்கள், பாட ஆய்வு என்று சொல்லலாம். சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்புக்குள் நின்று பார்ப்பார்கள். எதைப் பார்ப்பார்கள் என்பதில்தான் சூட்சுமம். நடத்துகிறவரை இல்லை, பிள்ளைகளை. பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள். நம் ஊரில் அப்சர்வேஷன் என்றால் ஆசிரியரின் குரல், கரும்பலகை, துணைக்கருவி, நிற்கிற விதம் என்று ஆளை எடை போடுவதாகிவிட்டது. பெண் பார்க்கிற மாதிரி.

அதனால் முதல் வாரம் நீங்கள் நடத்துங்கள், அந்தத் தம்பி பார்க்கட்டும். உங்களை அல்ல, நடுவரிசையில் ஒரே ஒரு பிள்ளையை. அந்தப் பிள்ளை எப்போது எழுதியது, எப்போது பக்கத்து நோட்டைப் பார்த்தது, எந்த நிமிடத்தில் விட்டுவிட்டது, இவ்வளவுதான் குறிக்க வேண்டும். முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே, “அவ எங்கே விட்டுட்டா?” என்று கேளுங்கள். அவன் சொல்வது உங்களுக்கே தெரியாததாக இருக்கும், நான் சவால் விடுகிறேன். “அட, இது நான் கவனிக்கலையே” என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்குப் பெறுமானம் அதிகம், 15 வருட அனுபவம் உள்ளவருக்கும் தெரியாதது இருக்கிறது என்று அவனுக்குத் தைரியம் வரும். அடுத்த வாரம் அவன் நடத்தட்டும், நீங்கள் ஒரு பிள்ளையைப் பாருங்கள். குறை சொல்வதற்கு முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: “எங்கே கஷ்டப்படுவாங்கன்னு நீ நினைச்சே?” மேலே தேனி மாணவிக்குச் சொன்னதுதான்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 வருடத்துக்கு 50 மணி நேரம் தொழில்சார் மேம்பாடு என்கிறது. ஆன்லைன் பயிற்சி வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் பேப்பர் திருத்தி, கடைசியில் வினாவுக்கு விடையை வாட்ஸ்அப் குரூப்பில் வாங்கிச் சான்றிதழ் எடுத்த கதையெல்லாம் எனக்கும் தெரியும். உங்கள் டீ நேரப் பேச்சுக்குச் சான்றிதழ் யாரும் தர மாட்டார்கள். அந்தத் தம்பி அடுத்த வருடம் எங்கேயாவது வேலைக்குச் சேர்ந்து, ஒரு தடவை போன் செய்து, “சார், இன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு, நான் நினைச்சது வேற” என்று ஆரம்பித்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.

(இடமில்லாததால் திருநெல்வேலி வாசகரின் பாடக்குறிப்பு பற்றிய நீண்ட கேள்வியை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதுவரை அவர் கோபிக்காமல் இருக்க வேண்டும்.)